கட்டாமல் வரைந்தவர்: யாக்கோப் வான் காம்பென்

ஆம்ஸ்டர்டாமில் இன்று அரண்மனையாக இருக்கும் பழைய நகர மன்றத்தைக் கட்டியவர் ஓர் ஓவியர் என்கிறார்களே, கொத்து வேலையோ தச்சு வேலையோ பழகாத ஒருவரால் அது எப்படி முடிந்தது? பழைய கிரேக்க, ரோமானியத் தூண் விகிதங்களைப் பின்பற்றும் டச்சு கிளாசிக் பாணி என்பது இத்தாலிய நகல்தானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. யாக்கோப் வான் காம்பென் கட்டவில்லை, வரைந்தார். கட்டடத்தின் ஒவ்வொரு அளவையும் ஓர் அடிப்படை அளவிலிருந்து கணக்கிட்டுத் தாளில் தீர்த்துவிட்டு, அடித்தளத்துக்காக மண்ணில் இறக்கும் மரத்தூண்களான பைல்களை அடிப்பதையும் கல் அடுக்குவதையும் பிறர் கையில் விட்டார். அவருடைய கட்டடங்கள் இவ்வளவு அமைதியாகத் தெரிவதற்கும், கடைசியில் அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனதற்கும் இந்தப் பிரிவினைதான் காரணம் என்பது என் கருத்து.

1596 பிப்ரவரி 2 அன்று ஹார்லெம் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 1614இல் அங்குள்ள ஓவியர்களின் தொழிற்குழுவான புனித லூக்கா சங்கத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அவர் தீட்டிய ஓவியங்களில் ஒன்று, ஆர்கஸையும் மெர்க்குரியையும் காட்டுவது, ஹேக் நகரில் அவரே வரைந்த மௌரிட்ஸ்ஹௌஸ் கட்டடத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது. ஆமெர்ஸ்ஃபோர்ட் நகருக்கு வெளியே ராண்டன்ப்ரூக் என்ற பண்ணைவீடு குடும்பச் சொத்தாக அவருக்கு வந்தது. வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சொத்தை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. அவர் காலத்துக் கட்டடக்காரர்கள் பெரும்பாலும் கல்தச்சர், தச்சர், கொத்தனார் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். பட்டறை நடத்தி, ஆள் வைத்து, ஒப்பந்தம் எடுத்துப் பிழைத்தவர்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹென்றிக் டி கெய்சர் அப்படித்தான். ஹார்லெமில் லீவன் டி கெய் அப்படித்தான். வான் காம்பெனுக்குக் கூலிக்கு வேலை செய்யும் கட்டாயமே இல்லை. பெரிய மனிதர்களோடு சமமாக உட்கார்ந்து பேசி, வரைபடம் கொடுத்துவிட்டு எழுந்து வர முடிந்தது.

அவருக்கு முந்திய பாணி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்த மாற்றம் புரியும். டி கெய்யின் ஹார்லெம் இறைச்சி அங்காடியைப் பாருங்கள். 1600களின் தொடக்கத்தில் கட்டியது. படிப்படியாக ஏறும் முகட்டுச் சுவர், செங்கலுக்கு நடுவே வெள்ளைக் கல் பட்டைகள், சுருள்கள், குட்டிக் கூம்புகள் என்று கண் ஓரிடத்தில் நிற்காது. அழகான கட்டடம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் அலங்காரம் தனித்தனியாகச் சேர்க்கப்பட்டது. ஒரு சுருளை எடுத்துவிட்டாலும் கட்டடம் குலையாது.

1625இல் கோய்மன்ஸ் சகோதரர்களுக்காக வான் காம்பென் ஆம்ஸ்டர்டாமின் கைசர்ஸ்க்ராக்ட் கால்வாய்க் கரையில், இன்றைய 177ஆம் எண்ணில், ஒரு முகப்பை வரைந்தார். உள்ளே இரண்டு வீடுகள். வெளியே ஒரே முகப்பு. இரண்டு அடுக்கில் அரைத்தூண்கள், சம இடைவெளியில் சன்னல்கள், சுவரின் உச்சியில் வெளியே துருத்திக் கிடையாக ஓடும் விளிம்பான கொடுங்கை. ஏறுபடி முகடு கிடையாது. (மேல்தளம் பிற்காலத்தில் மாற்றப்பட்டதால் இன்று பார்க்கும்போது மேல்பகுதியை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டும்.) நம் கோயில் விமானச் சுவர்களில் அரைத்தூணைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: சுவரோடு ஒட்டி, கொஞ்சமே வெளியே துருத்தி நிற்கும் தட்டையான தூண். எடை தாங்குவது சுவர்தான். அந்தச் சுவரை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று சொல்வதே அரைத்தூணின் வேலை.

அந்தப் பங்கீட்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? இத்தாலியர்கள் பல்லாடியோ, ஸ்கமோட்சி இருவரின் அச்சு நூல்களிலிருந்து. பல்லாடியோவின் நூல் 1570இலும் ஸ்கமோட்சியின் நூல் 1615இலும் வெனிஸில் வெளிவந்தன. டச்சுக்காரர்கள் அதிகம் பிடித்துக்கொண்டது ஸ்கமோட்சியை. காரணம் எளிது: அவர் எல்லாவற்றையும் எண்ணாகத் தந்தார். தூணின் அடிப்பகுதி விட்டம்தான் அலகு. அதை 60 பங்காக வகுக்க வேண்டும். தூணின் உயரம் அந்த விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது தூண் வகையைப் பொறுத்தது: டஸ்கன் 7½, டோரிக் 8½, அயோனிக் 8¾, ரோமன் எனப்படும் கலப்பு வகை 9¾, கொரிந்தியன் 10.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவரில் அயோனிக் அரைத்தூணுக்கு 35 அடி உயரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35ஐ 8¾ஆல் வகுத்தால் 4 அடி; அதுதான் அரைத்தூணின் அகலம். அதிலிருந்து பீடம், தூணின் தலையான போதிகை, கொடுங்கை ஒவ்வொன்றும் 60இல் இத்தனை பங்கு என்று வந்துவிடும். இரண்டு அரைத்தூணுக்கு நடுவில் எவ்வளவு இடம், அதில் சன்னல் எவ்வளவு அகலம் என்பதும் அதே அலகில் வரும். இப்போது வீட்டுக்காரர் வந்து “சன்னலை ஒரு முழம் அகலமாக்கு” என்றால் என்ன ஆகும்? இடைவெளி மாறும், அரைத்தூணின் அகலம் மாறும், அதனால் உயரமும் மாறும். ஒரு கல்லை நகர்த்தினால் கட்டடம் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். டி கெய்யின் கட்டடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். களத்தில் நின்று மேஸ்திரி முடிவெடுக்க இடமில்லாத கட்டடம் இது. முன்கூட்டியே வரைந்தாக வேண்டும். அதனால்தான் ஓர் ஓவியரால் இதில் நுழைய முடிந்தது.

இந்தக் கணக்கில் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் டச்சு நாட்டில் ‘அடி’ என்பது ஊருக்கு ஊர் வேறு. ஆம்ஸ்டர்டாம் அடி சுமார் 28.3 செ.மீ., அதில் 11 அங்குலம். ரைன்லாந்து அடி சுமார் 31.4 செ.மீ., அதில் 12 அங்குலம். 120 அடி என்று ஒரு வரைபடத்தில் இருந்தால் முதல் கணக்கில் 34 மீட்டர், இரண்டாவதில் 37.7 மீட்டர். பழைய அளவைப் பிரிட்டிஷ் அடியாக எடுத்து மீட்டருக்கு மாற்றிவிட்டு “விகிதம் சரியாக வரவில்லையே” என்று குழம்புவது வழக்கம். விகிதம் தப்பவில்லை, அடிதான் தப்பு.

வான் காம்பெனை ஆட்சியாளர்களிடம் கொண்டு சேர்த்தவர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ். ஆரஞ்சு இளவரசர் ஃப்ரெடரிக் ஹென்றிக்கின் செயலாளர், கவிஞர், இசை அறிந்தவர். சனியின் துணைக்கோள் டைட்டனைக் கண்டறிந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸின் தந்தை. ஹேக் நகரில் அவருக்காகக் கட்டிய வீடு 1637இல் முடிந்தது, 1876இல் இடித்துவிட்டார்கள். ஃபோர்பர்க்கில் நீருக்கு நடுவே நிற்கும் ஹோஃப்வைக் என்ற அவருடைய தோட்ட வீடு மட்டும் தப்பியது. தோட்டம் முழுவதும் மனித உடலின் விகிதத்தில் அமைந்தது, வீடுதான் தலை. ஹைகன்ஸ் வெறும் புரவலர் அல்லர். விட்ருவியஸின் பழைய ரோமானிய நூலைக் கற்று, விகிதக் கணக்கை வான் காம்பெனோடு உட்கார்ந்து விவாதித்தவர். இந்தப் பாணி உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஹைகன்ஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே அதே ஆண்டுகளில் எழுந்தது மௌரிட்ஸ்ஹௌஸ். வெர்மீரின் முத்துக் காதணிப் பெண் ஓவியம் இருக்கும் அருங்காட்சியகம் என்றால் பலருக்கும் தெரியும். 1633 வாக்கில் தொடங்கி 1644இல் முடிந்தது. டச்சு கிளாசிக் பாணியை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். கிட்டத்தட்டச் சதுரமான தனிக் கட்டடம். ஒரு பக்கம் குளம். தாழ்ந்த அடித்தளத்தின் மேல் நின்று இரண்டு மாடிகளையும் ஒரே வீச்சில் கடந்து மேலேறும் அயோனிக் அரைத்தூண்கள். நடுவில் முக்கோண முகப்பு. அரைத்தூண்கள் மணற்கல், இடையிலுள்ள சுவர் செங்கல். சன்னல்களின் இடையே கல்லில் செதுக்கிய தோரணங்கள். இத்தாலியில் இப்படிப்பட்ட மாளிகைகளைப் பெரும்பாலும் சாந்து பூசி முடிப்பார்கள். கல்லுக்குப் பஞ்சமான, செங்கல் மலிந்த நாட்டில் கணக்கை இத்தாலியிடம் வாங்கி, சிவப்பும் வெளிர் மஞ்சளுமான இந்த நிறப் பிரிவை உள்ளூரிலிருந்து எடுத்தார்கள். நகலா என்று கேட்டால் இந்தச் சுவரைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும். கூரையின் சரிவும் இத்தாலியில் இல்லாத அளவு செங்குத்து. மழையும் பனியும் அதைக் கேட்டன.

உள்ளே நடுவில் படிக்கட்டும் கூடமும். இருபுறமும் முன்னறை, அறை, உள்ளறை என்று ஒன்றுபோலவே தொகுதிகள். அந்தப் பழைய உள்ளலங்காரம் எதுவும் இன்று இல்லை. 1704 டிசம்பரில் தீப்பிடித்து வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. இன்று உள்ளே காண்பது 18ஆம் நூற்றாண்டு வேலை. “வான் காம்பெனின் உள்ளலங்காரம்” என்று அதைப் படம்பிடித்துப் போடுவது தவறு.

அந்த வீட்டுக்குரியவர் யோஹான் மௌரிட்ஸ், டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரேசிலின் டச்சுப் பகுதியை ஆண்டவர். சர்க்கரை மாளிகை என்றே மக்கள் அந்த வீட்டைக் குறித்தார்கள். அந்தச் சர்க்கரை அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் விளைந்தது. அடிமைகளைக் கொண்டுவரவே 1637இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த எல்மினா கோட்டையை அவர் பிடிக்க வைத்தார். விகிதத்தின் அழகைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். அவர் பிரேசிலில் இருந்த ஆண்டுகளில் கட்டட வேலையைக் களத்தில் கவனித்தவர் பீட்டர் போஸ்ட். இவரும் ஹார்லெம்காரர், ஓவியராகத் தொடங்கியவர். பின்னாளில் மாஸ்ட்ரிக்ட் நகர மன்றத்தைத் தன் பெயரிலேயே வரைந்தார்.

இனி ஆம்ஸ்டர்டாம் நகர மன்றம். 1648இல், ஸ்பெயினோடு நடந்த எண்பதாண்டுப் போர் மன்ஸ்டர் உடன்படிக்கையில் முடிந்த அதே ஆண்டில், வேலை தொடங்கியது. ஜனவரியில் முதல் பைல் அடித்தார்கள். அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் 13,659 மரப் பைல்கள். டச்சுப் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க ஒரு வழி உண்டு: ஆண்டின் 365 நாளுக்கு முன்னால் 1, பின்னால் 9.

இவ்வளவு பைல் எதற்கு? ஆம்ஸ்டர்டாமின் மேல்மண் கரிச்சேறும் களிமண்ணும். எடை வைத்தால் அமுங்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். சுமார் 12 மீட்டர் ஆழத்தில்தான் இறுகிய மணல் அடுக்கு வருகிறது. வடநாட்டு ஊசியிலை மரங்களின் தண்டை, மெலிந்த முனை கீழே போகும்படி நிறுத்தி, அந்த மணலில் முனை பதியும்வரை அடிக்க வேண்டும். முக்காலி போன்ற சட்டத்தில் கனமான கட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, முப்பது நாற்பது பேர் சேர்ந்து இழுத்து விடுவார்கள். எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்க ஒருவர் பாட்டு எடுத்துக் கொடுப்பார்; நம்மூர் ஏலேலப் பாட்டின் வேலைதான் அதற்கும். பிறகு பைல்களின் தலையை ஒரே மட்டத்தில் அறுத்து, மேலே கனமான பலகைகளைப் பரப்பி, அதன்மேல் சுவர் எழுப்புவார்கள். இதில் ஒன்றே ஒன்று தவறக் கூடாது: பைலின் தலை எப்போதும் நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீருக்குள் காற்று இல்லை, பூஞ்சை வளராது, மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நீர் மட்டம் இறங்கித் தலை காற்றுப் பட்டால் சில ஆண்டுகளிலேயே மக்கத் தொடங்கும். சுவர் ஒரு பக்கமாக இறங்கும். கால்வாய் மட்டத்தை அந்த நகரம் இன்றுவரை கண்ணும் கருத்துமாகக் காப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பைல் அடிப்பதும் கல் வரவழைப்பதும் நகரக் கட்டட மேற்பார்வையாளர் டேனியல் ஸ்டால்பார்ட்டின் பொறுப்பு. முகப்புக்கு ஜெர்மன் எல்லைப் பக்கத்து பென்ட்ஹைம் மணற்கல். வெட்டிய புதிதில் இளமஞ்சள். புகை பட்டால் கறுக்கும். அந்தக் கட்டடம் இருண்டு தெரியும் பழைய புகைப்படங்களை வைத்து வான் காம்பென் கனத்த, இறுக்கமான கட்டடம் வரைந்தார் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர் மனத்தில் இருந்தது வெளிச்சமான கட்டடம். மணற்கல் முகப்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லையும் செங்கல்லையும் பிணைக்கும் இரும்புக் கொக்கிகளை ஈயம் வார்த்துப் பொருத்துவார்கள். தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடித்தால் அது உப்பும். உப்பியதும் கல் உள்ளிருந்தே பிளக்கும். கல்லின் ஓரத்தில் நேர்கோட்டில் விரிசல் தெரிந்தால் பெரும்பாலும் பின்னால் கொக்கி துருவேறியிருக்கிறது என்று பொருள்.

வெளிமுகப்பில் அரைத்தூண்கள் இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் ஓர் உயர்ந்த சன்னலையும் அதன்மேல் ஒரு சிறிய சன்னலையும் சேர்த்துத் தழுவுகிறது. கீழே கலப்பு வகை, மேலே கொரிந்தியன். ஸ்கமோட்சியின் வரிசை அப்படித்தான், 10 மடங்குள்ள மெலிந்த தூண் மேலே வர வேண்டும். நடுவிலுள்ள மக்கள் கூடம் 120க்கு 60 ஆம்ஸ்டர்டாம் அடி, சரியாக 2க்கு 1. தரையில் பளிங்கில் பதித்த இரண்டு உலக வரைபட வட்டங்கள், அவற்றின் நடுவில் வடவானத்தின் வரைபடம். மேலே வளைகூரை கல் அல்ல, மரம். அத்தனை பைல் அடித்த பிறகும் மேல்சுமையைக் குறைக்கும் பழக்கத்தை அந்த நாட்டார் விடவில்லை.

வாயில் மட்டும் பலருக்கும் ஏமாற்றம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஏழு சிறிய வளைவுகள்தான் வாசல். அன்றைய டச்சுக் குடியரசின் ஏழு ஐக்கிய மாகாணங்களுக்கு ஏழு என்று விளக்குவார்கள். அதன்மேல் உள்ள பால்கனி வான் காம்பெனுடையது அல்ல. 1808இல் நெப்போலியனின் தம்பி லூயி அதை அரண்மனையாக்கியபோது சேர்த்தது.

சிற்ப வேலை ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஆர்டுஸ் க்வெல்லினுஸ் பட்டறையுடையது. அந்தந்த அறையில் என்ன அலுவல் நடக்கிறதோ அதை வாசல் மேலேயே கல்லில் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். திவால் வழக்கு அறையின் கதவுக்கு மேல் இறக்கை உருகி விழும் கிரேக்கக் கதையின் இக்காரஸ். அதைச் சுற்றியுள்ள தோரணத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பூவும் பழமும் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டியும் கட்டாத கடன் சீட்டுகளும். அவற்றுக்கிடையே எலிகள் ஓடுகின்றன. செயலாளர் அறை வாசலில் உதட்டில் விரல் வைத்த பெண்ணும், இறந்த எசமானைக் காவல் காக்கும் நாயும்: இரகசியம் காக்க வேண்டும், விசுவாசமாக இருக்க வேண்டும். கீழே மரண தண்டனை வாசிக்கும் கூடத்தில் சுவரைத் தாங்கும் பெண் உருவங்கள் வெட்கத்தில் முகத்தை மூடியிருக்கின்றன. க்வெல்லினுஸ் செய்த களிமண் மாதிரிகள் சில ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. விரல் தடவிய ஈரம் இன்னும் காயாதது போலிருக்கும்.

1654 இறுதியில், கட்டடம் முடியுமுன்பே, வான் காம்பென் ஸ்டால்பார்ட்டோடு முரண்பட்டு விலகினார். களத்தில் ஏற்படும் ஒவ்வொரு சிறு மாற்றமும் வரைபடக்காரருக்கு முழுக் கணக்கின் குலைவு. களத்தில் நிற்பவருக்கோ அன்றைய வேலை நடந்தாக வேண்டும். 1655 ஜூலை 29 அன்று திறப்பு விழா நடந்தபோது கூரையும் முடியவில்லை. குவிமாடம் 1665இல்தான் முடிந்தது. மொத்தச் செலவு அன்றைய டச்சு நாணயத்தில் சுமார் 85 லட்சம் கில்டர். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1657 செப்டம்பர் 13 அன்று ராண்டன்ப்ரூக்கில் இறந்தார்.

தேவாலயங்களில் ஹார்லெமின் புதிய தேவாலயம் முக்கியமானது. 1645 முதல் 1649 வரை கட்டியது. வெளியே சதுரம், உள்ளே சம கைகளுள்ள கிரேக்கச் சிலுவை. சீர்திருத்தச் சபைக்குப் பலிபீடத்தைவிடப் பிரசங்க மேடை முக்கியம்; எல்லாரும் அதைச் சுற்றி அமர்ந்து கேட்க இந்த அமைப்பு தோதானது. இந்த மையச் சிலுவை அமைப்பு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கடல் கடந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய, பின்னர் போரில் அழிந்த தேவாலயமும் சிலுவை வடிவமே. அதை வான் காம்பெனின் சீடர் வேலை என்று சொல்ல இடமில்லை. வழிபாட்டு முறை ஒன்றானதால் வடிவமும் ஒத்துப்போயிற்று.

ஆம்ஸ்டர்டாமில் நடக்கும்போது அரைத்தூண் தெரிந்தாலே “வான் காம்பென்” என்று சொல்லிவிடும் பழக்கம் பயண வழிகாட்டிகளிடம் இருக்கிறது. ஒடுங்கிய மனையில் கழுத்துபோல் உயர்ந்த முகடு இருந்தால் ஃபிலிப்ஸ் ஃபிங்பூன்ஸ் வழியில் வந்ததாக இருக்கலாம். 1638இல் ஹேரன்க்ராக்ட் 168ஆம் எண் வீட்டில் அந்த வடிவத்தைத் தொடங்கியவர் அவர். எட்டு பெரிய கொரிந்தியன் அரைத்தூண்களும் பீரங்கிக் குழாய் போன்ற புகைபோக்கிகளும் தெரிந்தால் அது ட்ரிப்பன்ஹௌஸ். ஆயுத வணிகர்களான ட்ரிப் சகோதரர்களுக்காக ஃபிங்பூன்ஸின் தம்பி யூஸ்டுஸ் வரைந்தது. வான் காம்பெனுடையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை எண்ணிக்கையில் குறைவு. நேரம் ஒரு நாள்தான் என்றால் காலையில் ஹேக்கில் மௌரிட்ஸ்ஹௌஸைக் குளத்தின் எதிர்க்கரையிலிருந்து பாருங்கள், மாலையில் ஆம்ஸ்டர்டாம் கூடம். இன்னொரு நாள் கிடைத்தால் அல்க்மாரின் பெரிய தேவாலயம்: அங்குள்ள ஆர்கன் இசைக்கருவியின் பிரமாண்டமான மரக்கூடு அவர் வரைந்தது. தூணும் கொடுங்கையும் முக்கோண முகப்பும் உள்ள ஒரு முழுக் கட்டட முகப்பு அது, கல்லுக்குப் பதில் மரத்தில்.